நிழல் விழாத இடம்

கொல்லிமலைக்கு ஆடி மாதத்து வெயில் வருவது, கல்யாணத்துக்குப் பெரிய மனிதர் வருவது மாதிரி. வருவார் என்று பத்திரிகையில் போட்டிருக்கும். பத்து மணிக்கு மேல் மேகத்தை விலக்கித் தலையைக் காட்டுவார். நாலு பேரைப் பார்த்துத் தலையாட்டுவார். பந்தி போடுவதற்குள் வேறு சோலி இருக்கிறதென்று கிளம்பிவிடுவார். இவரை நம்பி வடகம் பிழிகிறவர்களே மலையில் குறைவு. இவரை நம்பித் தண்ணீர் காய வைக்கலாம் என்று ஒரு மனிதன் முடிவு செய்தான். ஆனால் அவன் இருந்தது பாலைவனத்தில்.

அவன் பெயர் அசோக். கொல்லிமலையில் பெரக்கரை நாடு என்கிற பகுதிக்காரன். மரவள்ளிக் காட்டை அம்மா இருசாயியிடமும் புதுப் பெண்டாட்டி சுகந்தியிடமும் விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போனவன். அங்கே மணலுக்கு நடுவே ஒரு பங்களாக் குடியிருப்பில் குழாய் வேலை, கீசர் வேலை. போய் நாலு வருடம் ஆகிறது. நடுவில் ஒரு முறை வந்து, ஓட்டு வீட்டை இடித்து மொட்டை மாடி வைத்த மெத்தை வீடாகக் கட்டுவதற்கு ஏற்பாடு செய்துவிட்டு, அது கட்டி முடிவதற்குள் திரும்பிப் போய்விட்டான். சொந்த வீட்டை அவன் இதுவரை பார்த்தது வீடியோவில்தான். வருகிற ஆடிப் பதினெட்டுக்கு ஒரேயடியாக ஊர் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

அதைச் சொன்ன நாளிலிருந்து சுகந்தி ஆளே மாறிப்போனாள். மரவள்ளிக் காட்டில் களை வெட்டும்போது பாட்டு வந்தது. மாமியார் திட்டினால்கூடச் சிரிப்பு வந்தது. இருசாயிக்கு அது பெரிய ஏமாற்றம். திட்டுகிறவளுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

வருகிறவன் வருவதற்கு முன்னால் வெந்நீர் வர வேண்டும் என்று அசோக் பிடிவாதமாக இருந்தான். வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, அதன்மேல் அண்டா வைத்து, ஈர விறகை ஊதி ஊதி வெந்நீர் காய்ச்சுவதுதான் அதுவரை நடந்தது. புகையில் இருசாயிக்கு இருமல் வந்தால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நிற்கும். அதனால் ஹீட்டர் வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. எந்த ஹீட்டர் என்பதில்தான் ஒரு மாதம் ஓடியது.

"கீசர் போட்டா கரண்ட் இழுக்கும்," என்று அசோக் வீடியோவில் ஆரம்பித்தான்.

"இழுக்கறதுக்குக் கரண்ட் வேணுமல்லங்க," என்றாள் சுகந்தி. "சாயங்காலமானா பல்பு உள்ளுக்குள்ள இருக்கற கம்பிய எண்ணற மாதிரி மங்கலா எரியுது."

"அப்ப ஹீட் பம்ப். இங்க எங்க மொதலாளி ஊட்டுல அதான். காத்துல இருக்கற சூட்டப் புடிச்சுத் தண்ணிக்குள்ள உட்டுரும். கரண்ட் கொஞ்சூண்டுதான் ஆகும்."

சுகந்திக்குப் பக்கத்தில் குந்தியிருந்த இருசாயி போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "ஏன்டா சாமி, இந்தக் காத்துல சூடு இருந்தா நான் எதுக்குடா ரெண்டு கம்பளி போத்தியிருக்கறேன்?"

ஹீட் பம்ப் அத்தோடு முடிந்தது. கேஸ் கீசரை அசோக்கே தள்ளிவிட்டான்; சன்னல் சின்னதாக இருக்கிற குளியலறையில் அதன் வாயு மூச்சை அடைத்து ஆளையே அமுக்கிவிடுமாம். மிச்சம் இருந்தது சோலார்.

சோலாரைப் பற்றிப் பேசும்போது அசோக்கின் முகம் போனுக்குள்ளேயே பெரிதாகும். கண்ணாடிக் குழல், உள்ளே கறுப்புப் பூச்சு, மேலே டேங்கு, டேங்கைச் சுற்றிப் பஞ்சு மாதிரி நுரை. "நல்ல டேங்குக்கு அடையாளம் என்ன தெரியுமா? உள்ள தண்ணி கொதிச்சுட்டு இருக்கோணும், வெளிய கை வெச்சா ஒண்ணுமே தெரியக் கூடாது. வெளிய சுட்டுதுன்னா அது மட்டமான டேங்கு. சூட்டையெல்லாம் வெளிய சொல்லிட்டு இருக்குதுன்னு அர்த்தம்."

"எத்தன லிட்டருங்க?"

"முந்நூறு."

"ரெண்டு பொம்பளைக்கு முந்நூறா?" என்றாள் இருசாயி. "ஆனையையா கண்ணு குளிப்பாட்டப் போறோம்?"

சுகந்திக்கு அந்தக் கணக்கு வேறு மாதிரி இனித்தது. முந்நூறு என்றால் இரண்டு பேருக்கு இல்லை. மூன்று பேர், அப்புறம் நாலு பேர் ஆகிற வீட்டுக்கு. அவன் யோசித்துத்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

அவன் அங்கே குளிக்கிற கதை அவளுக்கு மனப்பாடம். கோடைக்காலத்தில் அங்கே பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் டீ போடலாம். மொட்டை மாடித் தொட்டி அப்படிக் காயும். அதனால் அவர்கள் குளியலறைக் கீசரை அணைத்துவிடுவார்கள். கீசர் ஏசி அறைக்குள் இருப்பதால் அதில் நிற்கிற தண்ணீர் மட்டும் ஆறிப்போய்க் குளிர்ந்திருக்கும். வெந்நீருக்கு என்று எழுதியிருக்கிற குழாயில் குளிர்ந்த தண்ணீர். குளிர்ந்த தண்ணீர்க் குழாயில் வெந்நீர். முதல் தடவை கேட்டபோது சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அது அவ்வளவு சிரிப்பாக இல்லை. இப்படித் தலைகீழாகவே நாலு வருடம் குளித்த மனிதனுக்கு, குளிர் என்றால் என்ன என்று இன்னும் ஞாபகம் இருக்குமா?

ஆடி பிறந்து ஒரு வாரம் கழித்து, சோலார் போடுகிற முருகானந்தம் சேந்தமங்கலத்திலிருந்து வந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவையும் பைக்கிலேயே ஏறி வந்தவர், இறங்கியதும் கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார். இருசாயி சுக்குக் காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு மெத்தை மேல் ஏறினார். ஏறிய வேகத்தில் கீழே குரல் கொடுத்தார்.

"ஏனுங்க அம்மிணி, இந்த மரம் ஆருதுங்க?"

சுகந்தி மேலே ஏறிப் பார்த்தாள். வீட்டை ஒட்டித் தெற்கே நின்றது அவளுடைய சில்வர் ஓக். அடியிலிருந்து பாதி உயரம் வரை மரமே தெரியாமல் மிளகுக் கொடி சுற்றியிருந்தது. நாலு வருடம் வெறும் இலையாகவே விட்டு அவளை ஏமாற்றிய கொடி. இந்த வருடம்தான் சரம் சரமாகப் பிடித்திருந்தது. பச்சைக் காய், குண்டூசித் தலை அளவு. தையில் பறிக்கலாம்.

"என்றதுங்க," என்றாள். தன்னுடையது என்று சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

"இப்பவே பாதி நேரம் மேகம். தை மாசத்துல சூரியன் தெக்கால சாஞ்சுக்கும். அப்ப இந்த மரத்து நெழல் பூராவும் குழல் மேலதான் உழுகும். எந்த மாசம் உங்களுக்கு வெந்நி வேணுமோ அந்த மாசம் பச்சத் தண்ணிதான் வரும்." முருகானந்தம் மரத்தை மேலும் கீழும் பார்த்தார். "எடுத்தரலாமுங்க. சோளக்காடு ஊருல மெசின் ரம்பம் வெச்சிருக்கற பையன் ஒருத்தன் இருக்கறான். அரை மணி நேரச் சோலி."

கீழே நின்றுகொண்டிருந்த இருசாயி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

முருகானந்தம் சமவெளிக்காரர். அவருக்குத் தெரிய வழியில்லை. அந்த ஊரில், கல்யாணமாகி வருகிற பெண் வீட்டருகே ஒரு மரத்தடியில் மிளகுக் கொடி வைப்பாள். குழியைப் புருசன் எடுக்க வேண்டும். கொடியில் வருகிற மிளகு அவளுக்கே. மாமியார்கூட ஒரு பிடி கேட்க முடியாது, கேட்டால் ஊர் சிரிக்கும். அதற்கு ஈடாக ஒரு கட்டும் உண்டு. குழி எடுத்தவன் உயிரோடு இருக்கும்வரை அவன் கையைத் தவிர வேறு கை அந்த மரத்தில் வெட்டு வைக்கக் கூடாது. அவன் செத்தால், பதினாறாம் நாள் பங்காளிகள் வந்து மரத்தைச் சாய்ப்பார்கள். இந்த ஒரு காரியத்தில் மட்டும் ஊரில் யாருக்கும் ஞாபக மறதி வந்ததில்லை.

இருசாயியின் மரம் வீட்டுக்கு மேல்புறத்து மேட்டில் இருந்தது. அவள் புருசன் சின்னையன் செத்த பதினாறாம் நாள் அது சாய்ந்தது. இப்போது அடிக்கட்டை மட்டும் இருக்கிறது. சுற்றிலும் மரமில்லாததால் போனுக்கு டவர் கிடைப்பதும் அங்கேதான். அசோக் கூப்பிட்டால் அந்த அடிக்கட்டையில் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

"அதெல்லாம் இன்னும் பத்து நாளுங்க," என்று சுகந்தி முருகானந்தத்திடம் சொன்னாள். "அவங்களே வந்துருவாங்க. வந்து ரெண்டு கெளைய வேணா எறக்கி உடுவாங்க."

"உங்க ஊட்டுக்காரர்தானுங்க இந்த வாரத்துக்குள்ள முடிக்கச் சொன்னாரு. எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்களா?"

மூவரும் மேட்டுக்கு ஏறினார்கள். இருசாயி அடிக்கட்டையில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டாள். அவள் பிடிக்கிற பிடியில் அசோக்குக்கு வானமும் அவளுடைய மூக்குத்தியும் மட்டுமே தெரியும். அதற்கு அவன் பழகியிருந்தான். முருகானந்தம் மரத்தைப் பற்றிச் சொன்னார்.

"வெட்டிருங்க," என்றான் அசோக்.

எங்கோ பேருந்து ஒன்று வளைவில் திரும்புவதற்கு ஹாரன் அடித்தது.

"டேய் கண்ணு," என்றாள் இருசாயி மெதுவாக. "ஆரு மரம்னு தெரிஞ்சுதான் சொல்றியா? அது நீ குழி எடுத்த மரம்டா."

"தெரியும்மா. அதுக்கென்ன இப்ப? மரத்த வெட்டுனா வெயில் வருது. சாங்கியம் பாத்துட்டு இருந்தா தண்ணி சுடுமா?"

"பத்து நாள்ல வந்து நீயே வெட்டேன். உன்ற கையால."

"நான் இங்கிருந்தே கை வெக்கறேன்மா. ரம்பம் வெக்கறப்பக் கூப்புடுங்க, ஸ்கிரீன்ல கையக் காட்டறேன். என்ற கைதான அது?"

இருசாயி போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள். குலதெய்வத்துக்கு வீடியோ காலில் கும்பிடு போடுகிறார்கள், பெண் பார்க்கிறார்கள், போன மாதம் ஒருத்தன் பெரியப்பா சாவுக்கு அதிலேயே அழுதான். கை மட்டும் ஏன் செல்லாது? ஆனால் டவர் பாதியில் போய்விட்டால் பாதி மரம் யார் கையால் விழுந்தது என்று கணக்கு? "எனக்குத் தெரியலடா சாமி," என்றாள் கடைசியில். "ஊருல கேட்டுத்தான் சொல்லோணும்."

முருகானந்தம் இது எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாமல், தனக்குத் தெரிந்த வேலையில் இறங்கினார். மரத்துக்கும் சுவருக்கும் எத்தனை அடி என்று பார்க்க, மேட்டிலிருந்து இறங்கி டேப்பை எடுத்தார். சுகந்தியும் இறங்கிப் போய் அதன் நுனியை மரத்தடியில் பிடித்துக்கொண்டாள். அவள் கைக்குப் பக்கத்தில் கொடி. பிஞ்சுச் சரம் ஒன்று விரலில் உரசியது. அவன் குழி எடுத்த அன்றைக்கு மண்வெட்டி பாறையில் பட்டுப் பிடி உடைந்துபோனது. மிச்சத்தைக் கையாலேயே தோண்டினான். நகக்கண்ணில் மண்ணோடு பந்தியில் உட்கார்ந்தான். அந்த ஆள் இப்போது வெட்டிருங்க என்கிறான், சொத்தைப் பல்லைப் பிடுங்கச் சொல்வது மாதிரி.

"அப்பறம் இன்னொண்ணுங்க!" முருகானந்தம் சுவரோரம் நின்று மேட்டில் இருந்த போனைப் பார்த்துக் கத்தினார். "இங்க ஈரத்துக்குப் பாசி புடிக்கும். மாசம் ஒருக்கா மேல ஏறிக் குழலத் தொடச்சு உடோணும். அதான் நீங்க வந்துருவீங்களே, பாத்துக்கறீங்களா?"

இருசாயி கையில் இருந்த போன், டவர் நன்றாகக் கிடைத்த போன், தெளிவாகப் பதில் சொன்னது.

"இல்லீங்க, இன்னும் மூணு வருசத்துக்கு ஊட்டுல ஏறி எறங்க ஆம்பளையாளு இல்ல. பொம்பளைங்களே பாத்துக்கற மாதிரி மாடலாப் பாத்துப் போடுங்க. அடிக்கடி ஆள் தேவைப்படக் கூடாது. அதுபாட்டுக்கு நிக்கோணும்."

சுகந்தி டேப்பை விட்டுவிட்டாள். அது சரசரவென்று ஓடிப்போய் முருகானந்தத்தின் விரலில் அடித்தது. அவர் கத்தவில்லை. எப்போது கத்தக் கூடாது என்று தெரிகிற அளவுக்கு அவருக்கு வியாபார அனுபவம் இருந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, பைக்கில் காற்று இருக்கிறதா பார்த்து வருகிறேன் என்று ரோட்டுக்குப் போய்விட்டார்.

சுகந்தி மேட்டுக்கு ஏறினாள். இருசாயி போனைக் கொடுத்துவிட்டு எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

போனில் அசோக்கின் முகம் வியர்த்திருந்தது. பின்னால் வெள்ளைச் சுவரில் வெயில் அடித்தது. பார்க்கவே கண் கூசியது. அந்தச் சுவரில் எங்கேயும் ஒரு மரத்தின் நிழல் இல்லை.

"மூணு வருசமுங்களா?" என்றாள்.

"சுகந்தி, நானே சொல்லலாம்னுதான்..."

"எப்ப? பதினெட்டாந்தேதி காலையில, நான் பஸ்ஸுக்குப் போயி நின்னதுக்கு அப்பறமா?"

"இங்க பூராப் பொறுப்பையும் என்றகிட்டக் குடுத்துட்டாங்க. எட்டு ஊட்டுக்கும் நான்தான். இப்ப உட்டுட்டு வந்தா மறுபடி கூப்புட மாட்டாங்க. அங்க வந்து நான் என்ன பண்ணட்டும் சொல்லு? மரவள்ளி புடுங்கட்டுமா?"

"நான் அதத்தானுங்க பண்ணிட்டு இருக்கறேன்."

படம் ஒரு கணம் நின்று, மறுபடி அசைந்தது.

"கோவப்படாத கண்ணு. வரலைன்னு சொல்றதுக்கு முன்னாடி உனக்கு ஒரு நல்லது பண்ணிப்புடோணும்னு நெனச்சேன். அதான் பெருசாப் பாத்தேன். முந்நூறு லிட்டர். நீ பொகையில கெடக்க வேண்டாம். தொறந்தா வெந்நி."

ஒரு மாதமாக அவன் லிட்டர் சொன்னது, நுரை சொன்னது, குழல் சொன்னது எல்லாம் சுகந்திக்கு இப்போது வேறு வரிசையில் வந்து நின்றது. ஆள் வேண்டாத மாடல். அதுபாட்டுக்கு நிற்கிற மாடல். முந்நூறு லிட்டரைத் தான் எதற்கென்று கணக்குப் போட்டோம் என்று நினைத்தபோது அவளுக்குக் காது சுட்டது. ஒரு பெண்ணை ஏமாற்றுவதற்கு ஆண்கள் சேலை எடுத்துக் கொடுப்பார்கள், தோடு எடுத்துக் கொடுப்பார்கள். அவள் புருசன் தொழில் தெரிந்தவன். வெந்நீர் எடுத்துக் கொடுத்தான்.

"அந்த மரத்த ஆரு வெட்டுவாங்க, எப்ப வெட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்," என்றாள். "தெரிஞ்சும் வெட்டச் சொன்னீங்க."

"சுகந்தி, அது சும்மா ஒரு..."

"உங்கம்மா பக்கத்துலதான் நிக்கறாங்க. அவங்க மரம் உழுந்த கட்டை மேல உக்காந்துதான் நாலு வருசமா உங்களோட பேசறேன். அவங்ககிட்டச் சொல்லுங்க, சும்மான்னு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உச்சியில் முடி கொட்டியிருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கொட்டியது உப்புத் தண்ணீராலா, வெந்நீராலா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கேட்டால் கோபம் போய்விடும் என்று பயந்தாள். போனை அணைத்தாள்.

இருசாயி திரும்பினாள். அவளுக்குக் கண் கலங்கவில்லை. கோபம்தான் வந்திருந்தது, அதுவும் யார் மேல் என்று முடிவாகாத கோபம். "இவங்கப்பன் ஒருக்காச் சந்தைக்குப் போறேன்னு போயி மூணு நாள் கழிச்சு வந்தான்," என்றாள். "அன்னைக்கே நான் யோசிச்சிருக்கோணும். மூணுங்கறது இவங்க வம்சத்துக்கே ஆகாத நம்பரு."

சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அடிக்கட்டையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை. இருசாயி பக்கத்தில் வந்து நின்று, தொடத் தெரியாமல், அவள் தோளில் இருந்த மிளகு இலை ஒன்றை எடுத்துப் போட்டாள். இலை போன பிறகும் கை அங்கேயே இருந்தது.

அப்போது மேகம் விலகியது. வீட்டோரத்தில் சுகந்தியின் மரத்து நிழல் கோடு கோடாக விழுந்தது. கீழே கொட்டகை, கோழிக் கூண்டு, மாட்டுத் தொட்டி எல்லாவற்றின் மேலும் ஏதோ ஒரு மரத்தின் நிழல். மேட்டில் மட்டும் இல்லை. அடிக்கட்டை மேலும் அதைச் சுற்றிலும் வெயில் அள்ளிக் கொட்டியது மாதிரி விழுந்தது. சுகந்தியின் முதுகு சுட்டது.

அவள் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள். "அத்தெ, இந்த வெயிலு எப்பவும் இப்பிடித்தானுங்களா?"

"உங்க மாமன் செத்ததுல இருந்து," என்றாள் இருசாயி. "அதுக்கு முன்னாடி இங்க ஈரம் காயாது. எரும படுத்துக் கெடக்கும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சோலாரை இங்கே வைக்கலாமா என்று சுகந்தி கேட்க நினைத்ததை, அவள் வாய் திறப்பதற்கு முன்பே இருசாயி கண்டுபிடித்துவிட்டாள். முகம் ஒரு நொடி இறுகியது. புருசன் செத்ததில் கிடைத்த வெயில். அதில் அவள் இதுவரை ஒரு புடைவைகூடக் காயப்போட்டதில்லை.

"வேண்டாமுன்னா உட்டுரலாமுங்க. அண்டாவுலயே காய்ச்சிக்கலாம்," என்றாள் சுகந்தி.

இருசாயி இருமினாள். இருமி முடிந்து, பக்கத்து வீட்டு நாய் மறுபடி படுத்த பிறகு சொன்னாள்: "அந்தாளு உசுரோட இருந்தப்ப ஒரு செம்பு வெந்நி வெச்சுக் குடுத்ததில்ல. இப்பவாச்சும் குடுக்கட்டும்."

முருகானந்தம் பைக்கில் காற்று பார்த்துவிட்டு, தேவைக்கு மேலேயே பார்த்துவிட்டு வந்தார். மேட்டில் வைக்கலாமா என்று சுகந்தி கேட்டாள். அவர் சுற்றி நடந்தார், அண்ணாந்து பார்த்தார், வீட்டுக்கு எத்தனை அடி என்று இந்தத் தடவை தனியாகவே அளந்தார். மேலே ஊற்றிலிருந்து வருகிற ஹோஸ் பைப் இதற்கும் மேலேதான் இருந்தது. தண்ணீர் தானாக டேங்குக்கு இறங்கும், டேங்கிலிருந்து தானாக வீட்டுக்கு இறங்கும். பம்ப் வேண்டாம். மெத்தை மேல் ஏற வேண்டாம். தரையில் நின்றே குழலைத் துடைக்கலாம். ஒன்றுதான் குறை.

"பைப்பு நீளமுங்க. வர்ற வழியில சூடு போயிரும். மேல நுரைக் குழாய் சுத்தோணும். அப்பறம், முந்நூறு இங்க வேண்டாம். அவ்வளவு தண்ணிய இந்த மூணு நாலு மணி நேர வெயில் காய வெக்காது. வெதுவெதுன்னு முந்நூறு வர்றதுக்கு, சுடச்சுட நூறு வந்தாப் போதாதுங்களா? ரெண்டு பேர்தான?"

"ஆமாங்க," என்றாள் சுகந்தி. "ரெண்டு பேர்தான்."

ஆடிப் பதினெட்டு அன்று ஊரே அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனது. சுகந்தி போகவில்லை. இருசாயியும் போகவில்லை, முழங்கால் வலி என்றாள். காலையில் மேகம், அப்புறம் வெயில், மறுபடி மேகம். சாயங்காலம் குளியலறைக்குள்ளிருந்து இருசாயியின் குரல் கேட்டது. "ஐயோ, தோலு உரிஞ்சு போச்சு! பச்சத் தண்ணி எங்க புள்ள?" திட்டிக்கொண்டே வெகு நேரம் குளித்தாள். உள்ளே அவள் யாரையோ பேர் சொல்லித் திட்டுவது மாதிரி இருந்தது. சுகந்தி காது கொடுக்காமல் மேட்டுக்குப் போனாள்.

அடிக்கட்டை அங்கேயே இருந்தது. அதை ஒட்டி இரும்புத் தாங்கியில் குழல்கள், மேலே டேங்கு. போன் அடித்தது. பத்து நாளாக அவள் எடுக்கவில்லை. இன்றைக்கு எடுத்தாள்.

"தண்ணி சுடுதா?" என்றான் அசோக். வேறு எதுவும் கேட்கப் பயந்த குரல்.

"சுடுதுங்க. பச்சத் தண்ணி கலந்துதான் ஊத்தோணும்."

"இங்க கலக்கறதுக்குப் பச்சத் தண்ணி இல்ல," என்று சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான். "மரம்?"

"நிக்குது."

"காய்?"

"புடிச்சிருக்குது. தையில பறிப்பேன்."

"வெட்டியிருந்தா மெத்தை மேலயே..."

"நீங்க உசுரோட இருக்கறீங்களேங்க," என்றாள் சுகந்தி. "எப்பிடி வெட்டறது?"

"அந்த மரத்தக் கொஞ்சம் காட்டு," என்றான். அவள் எழுந்து போனைத் திருப்பிப் பிடித்தாள். கீழே, மூட்டம் இறங்கத் தொடங்கிய வெளிச்சத்தில், கொடி சுற்றிய மரம் வீட்டோரமாக நின்றது. அவன் பார்த்தானா, பார்ப்பதற்குள் படம் நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. திரையில் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் கையை இறக்காமல் காட்டிக்கொண்டு நின்றாள்.

கை வலித்தபோது மற்றக் கையை டேங்கின் மேல் ஊன்றினாள். உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியே ஒன்றுமே தெரியவில்லை. சில்லென்று இருந்தது.

நல்ல டேங்குதான்.